புருஷன் இல்லாதவள் நடும் மரம்

மார்ச் 4, 2006

மழை இல்லை. வானம் காலையில் கறுக்கிறது, மத்தியானம் வெளுக்கிறது, ஊரையே ஏமாற்றிவிட்டுப் போய்விடுகிறது. கோழிக்கூட்டுக் கதவு கழன்று விழுந்தது. கம்பி போட்டுக் கட்டினேன்.

மினாயோ வந்திருந்தாள். பக்கத்து நிலத்துக்காரி, நாலு பிள்ளை பெற்றவள். புருஷன் அகேசாவுக்கு நைரோபியில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, சோளம் ஒடிக்கும்போது ஒரு தடவை ஊருக்கு வருவான். இரண்டு தடவையும் வேலியோரம் மரம் வைக்கிறேன் என்பான்; வைக்காமலே பஸ் ஏறிவிடுவான். மினாயோ பேசுவது சுவாஹிலி. என் காதில் விழும்போது அது தென்காசித் தமிழாகிவிடுகிறது. கென்யாவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தும் இந்தக் காதைத் திருத்த முடியவில்லை, ஆகையால் அப்படியே எழுதுகிறேன்.

அவளுக்கு மரம் வேண்டும். விறகுக்குக் காட்டுப் பக்கம் போனால் காவலர்கள் அரிவாளைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். நிலமோ வெயிலில் வெந்து சாம்பலாகிவிட்டது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிடுகிறது. அதன் காலடியில் சுடுமல்லிக் களை ஊதாவாகப் பூத்து, வேரை உறிஞ்சிக் கொழுத்துப்போய் நிற்கிறது. நிழலும் சருகும் விழுந்தால்தான் மண் தேறும் என்று போன வருஷம் இவளுக்கு வகுப்பெடுத்தவள் நான்தான். கேட்டுக்கொண்டு போனவள் பால் கவர்களில் லுசியோலா நாற்று விட்டு வளர்த்திருக்கிறாள். லுசியோலா இந்தப் பக்கத்து மரம். நேராக ஓங்கும், பயிரோடு சண்டை போடாது, பொன்னரளி மாதிரி மஞ்சளாகப் பூக்கும்.

எல்லாம் தயார், நடத்தான் ஆள் இல்லை. இங்கே பெண் மரம் நடக்கூடாது. நட்டால் புருஷன் செத்துப்போவான், இல்லாவிட்டால் பிள்ளை தங்காமல் அவள் வயிறு அடைத்துப்போகும். அவள் விதை பொறுக்கலாம், நாற்று விடலாம், தண்ணீர் ஊற்றலாம், குழிகூடத் தோண்டலாம். நாற்றைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளுவது மட்டும் ஆண் கையாக இருக்க வேண்டும். மரம் நட்டவருக்கு மண்ணில் பாத்தியதை உண்டு என்பது பழைய சட்டம். பெண்டாட்டிக்குப் பாத்தியதை வந்துவிடக்கூடாது என்று எவனோ ஒரு கெட்டிக்காரன் இதைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். சித்தகத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. அது வீட்டு உயரம் வளர்கிறது. ஆனாலும் செடியாம், புருஷனை ஒன்றும் செய்யாதாம்.

மினாயோ தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், நீங்க நட்டுத் தாங்களேன். ஒங்களுக்குப் பயப்பட என்ன இருக்கு? புருஷனும் இல்ல, பிள்ளையும் இல்ல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன். இவள் உரல் இரவல் கேட்கிற மாதிரி கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன்.

ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். என் புருஷன் ஆவுடையப்பன் சாகவில்லை. தென்காசியில் திவ்வியமாக இருக்கிறார். இந்நேரம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு, தம்பி பிள்ளைகளை அதிகாரம் பண்ணிக்கொண்டிருப்பார். எட்டு வருஷத்துக்கு முன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டேன். ஊர்த் தலைவர், புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார். செத்துவிட்டார் என்றேன். மறுநாளே நிலம் கிடைத்தது. அவரால் எனக்கு அவ்வளவு சுலபமாக வேறெந்தக் காரியமும் நடந்ததில்லை.

அன்றைக்கே தாலியைக் கழற்றி மஞ்சள் டப்பாவுக்குள் போட்டேன். இங்கே யாருக்கும் அது என்னவென்று தெரியாது. இருந்தாலும் பொய் சொன்னால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.


மார்ச் 11

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. விடிந்ததும் மினாயோ நிலத்துக்குப் போனேன்.

அவளும் அவள் கொழுந்தன் மனைவி ககேஹாவும் குழி தோண்டி வைத்திருந்தார்கள். வேலியோரம் ஒரு வரிசை, சோளத்துக்கு நடுவில் தள்ளித் தள்ளி நாலைந்து. மினாயோ ஒவ்வொரு நாற்றாகக் கைக்குழந்தையைத் தூக்கி வருவது போலக் கொண்டுவந்து குழி விளிம்பில் வைத்தாள். வைத்ததும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கவரைக் கிழித்து, நாற்றை இறக்கி, மண் தள்ளி, மிதித்து, "ஆச்சு" என்பேன். அப்புறம்தான் திரும்புவார்கள். பார்த்தாலும் தோஷமோ என்னவோ. கேட்டால், "எதுக்கு வம்பு டீச்சர்" என்கிறாள் ககேஹா.

கடைசி நாற்றை நட்டதும் மினாயோ வேலியோரமாக ஒரு தடவை நடந்துபோய்ப் பார்த்தாள். வீட்டுக்குக் கிளம்பியபோது ஒரு சேவலைக் கையில் பிடித்துக் கொடுத்தாள். கோழி வளர்த்தாலும் நான் முட்டைகூடத் தின்னாதவள் என்று தெரிந்தும் கொடுத்தாள். வாங்கி வந்து கூட்டில் விட்டிருக்கிறேன்.


மார்ச் 12

முழங்கால். இன்று எங்கும் போகவில்லை. சேவல் தூங்க விடவில்லை.


மார்ச் 19, ஞாயிறு

விஷயம் பரவிவிட்டது. சர்ச் முடிந்து பெண்கள் நேராக இங்கே வந்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கிணற்றடியில், ஒருத்திக்கு வாழைத் தோட்டத்துக்குள், ஒருத்திக்கு மாமியார் கண்ணில் படாத மூலையில் மரம் வேண்டும். எட்டு வருஷமாக 'பாவம் டீச்சர்' என்றவர்கள் இப்போது 'டீச்சர் இருக்கிறாளே' என்கிறார்கள். புருஷன் செத்ததில் இப்படி ஒரு மரியாதை உண்டென்று தெரிந்திருந்தால் முன்னமே சாகடித்திருப்பேன்.

சாயங்காலம் பழைய பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். நானும் என் புருஷனும் வேலை பார்த்த பள்ளிக்கூடம். ஆசிரியர் குடியிருப்பின் வாசலில் எங்கள் லுசியோலா நிற்கிறது. உச்சியைப் பார்க்கக் கழுத்தை மடக்க வேண்டியிருக்கிறது. கீழே மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது.

1974 ஆகஸ்டில் இங்கே வந்து இறங்கினோம். அவர் கணக்கு, நான் தாவரவியல். அப்போது இந்தப் பக்கத்தில் வயல் எங்கே முடிகிறது, காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. சோளத்துக்குள் மரம், மரத்தடியில் அவரை, அவரைமேல் தேனீ. காலையில் பெரிய இருவாச்சிகள் கூட்டமாகப் போகும். அந்தச் சிறகுச் சத்தத்தைக் கேட்டு, ஏதோ லாரி வருகிறது என்று வாசலுக்கு ஓடி வந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் எலுமிச்சஞ்சாதத்தோடு காட்டுக்குள் நடப்போம். நான் மரத்துக்குப் பெயர் சொல்லுவேன். அவர் உயரத்தை முக்கோணம் போட்டுக் கணக்கிடுவார். அப்புறம் கரும்பு வந்தது. மரங்கள் எல்லாம் லாரியில் போயின.

வந்த முதல் மாசமே ஒரு மரம் நட வேண்டும் என்று கிளம்பினார். பையன்களை வரிசையாக நிற்க வைத்து, மரம் நடுவதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து, நர்சரிப் பையைக் கிழிக்காமல் பையோடு குழியில் வைத்து மூடிவிட்டார். வேர் வளர்ந்து பையைக் கிழித்துக்கொள்ளுமாம். தாவரவியல் டீச்சர் நான் பக்கத்தில் நிற்கிறேன். பையன்கள் முன்னால் என்ன சொல்ல? சாயங்காலம் அவர் வாலிபால் ஆடப் போனதும் நாற்றை வெளியே எடுத்து, பையைக் கிழித்து எறிந்துவிட்டுத் திரும்ப நட்டேன். அடுத்த மாசம் துளிர் விட்டது. கைராசி என்று ஊருக்கெல்லாம் கடிதம் போட்டார். இன்றுவரைக்கும் அவரிடம் சொல்லவில்லை. பாவம், அவர் நட்டு உருப்பட்டது அது ஒன்றுதான்.


மார்ச் 28

ஈசல் புறப்பட்ட நாள். பிள்ளைகள் புற்று வாயில் சட்டியைக் கவிழ்த்துப் பிடிக்கிறார்கள். மினாயோ ஒரு கிண்ணம் வறுத்துக் கொண்டுவந்தாள். நான் தொடமாட்டேன் என்று தெரியும். வாசனைக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். என் புருஷன் விழுந்து விழுந்து தின்பார். தென்காசியிலும் பொரியரிசியோடு சேர்த்துத் தின்பார்களாம். சைவப்பிள்ளை வீட்டில் யாரிடம் கற்றுக்கொண்டாரோ. என் அடுப்பில் வறுக்கக்கூடாது என்று இங்கேயும் சண்டை. அந்தக் குடியிருப்பின் பின்பக்கம் அவர் தனியாக மூட்டிய கல்லடுப்பு இன்னும் கிடக்கிறதா என்று போன வாரம் பார்க்காமல் வந்துவிட்டேன்.

கிண்ணத்தைச் சேவலுக்கு வைத்தேன்.


ஏப்ரல் 3

தென்காசியிலிருந்து போன். அவர் தம்பி மகன் சங்கரலிங்கம். "பெரியம்மை, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தால் பயப்படாமல் என்ன செய்வது. பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி, திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இப்போது பரவாயில்லை, பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றான்.

எந்தத் தேதியில் வலி வந்தது என்று கேட்டேன். மார்ச் பதினொன்றாம் தேதியிலிருந்தே லேசாக இருந்ததாம். அவர்தான் வாயுத் தொல்லை என்று சமாளித்துக்கொண்டிருந்தாராம்.

ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று தெரியவில்லை. டீச்சர் புத்தி, தேதி கேட்காமல் விடாது.


ஏப்ரல் 4

ககேஹா வாழைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். முதுகுவலி. போகவில்லை.


ஏப்ரல் 5

மஞ்சள் டப்பாவில் அடியில் துருப் பிடித்திருக்கிறது. தாலி வீணாகிவிடும். எடுத்துக் கழுவிக் கழுத்தில் போட்டு, ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். வேறு பத்திரமான இடம் கிடைக்கும் வரைக்கும்.


ஏப்ரல் 8

முதுகு பரவாயில்லை. ஆனால் மண் ரொம்ப ஈரம். இந்த ஈரத்தில் நட்டால் வேர் அழுகும் என்று பெண்களிடம் சொன்னேன். இத்தனை வருஷம் பாடம் நடத்தியவள் சொன்னால் நம்புகிறார்கள்.

சங்கரலிங்கம் போனை எடுக்கவில்லை.


ஏப்ரல் 9

எடுத்தான். வீட்டுக்கு வந்துவிட்டாராம். கஞ்சி குடிக்கிறாராம், உப்பில்லை என்று சண்டை போட்டாராம். கேட்டதும் எனக்குப் பசித்தது.

ஊர் நினைப்பாகவே இருக்கிறது இன்று. 1990-ல் அவர் அம்மாவுக்கு முடியவில்லை என்று கிளம்பினார். ஆறு மாசம் என்றார். அம்மா போய்ச் சேர்ந்தார். பிறகு வயல், பிறகு கோயில் கமிட்டி, பிறகு தம்பி பிள்ளைகள் கல்யாணம். நீ வா என்று அவர், நீங்கள் வாருங்கள் என்று நான். அங்கே போனால் எனக்குப் பிள்ளை இல்லாதவள் என்ற ஒரே உத்தியோகம்தான். இங்கே நான் டீச்சர். அவருக்கு அது விளங்கவில்லை. இங்கே அதிகாரம் பண்ண ஆளில்லாமல் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் போனில் சுகம் விசாரித்துக்கொள்வோம், பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி.


ஏப்ரல் 11

மினாயோ வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

"ககேஹா குழியெல்லாம் மழையில தூர்ந்துபோச்சு. நாத்து கவருக்குள்ள வேர் சுத்திக் கிடக்கு. இன்னும் ஒரு மாசத்துல மழை நின்னுரும். ஈரம்னு சொன்னீங்க, எனக்கு நட்டன்னைக்கு இதவிட ஈரம். எங்க மேல ஏதும் கோவமா டீச்சர்?"

கோபமில்லை என்றேன். மேலுக்கு முடியவில்லை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கோழிக்கூட்டைப் பார்த்தேன்.

போகும்போது சொன்னாள்: "எங்களுக்கு ஒங்களவிட்டா ஆள் கிடையாது. அவ்வளவுதான்."

நான் இதை நம்புகிறவள் இல்லை. விதை எப்படி முளைக்கிறது, வேர் எப்படி உறிஞ்சுகிறது என்று ஆயிரம் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவள். திருநெல்வேலியில் ஒருவருடைய இதயத்துக்கும் இந்தக் காகமேகா மண்ணில் ஒரு நாற்றுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை வரமாட்டேன் என்கிறது. அவர் கஞ்சிக்கு உப்புக் கேட்டுக்கொண்டு இருக்கட்டும் என்று மட்டும் இருக்கிறது.

எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். கிடக்கட்டும்.


ஏப்ரல் 14, வெள்ளி

இங்கே பெரிய வெள்ளி, அங்கே சித்திரை முதல் நாள். சுகம் விசாரிக்க ஒரு சாக்கு. போன் போட்டேன். அவரே எடுத்தார். குரல் மெலிந்திருந்தது, தெனாவெட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"என்னளா, இன்னைக்குப் பொங்கல் கூட இல்லயே" என்றார்.

சுற்றி வளைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிலம், தலைவர், நான் சொன்ன பொய், ஊர் வழக்கம், மினாயோ, மரங்கள். அந்தப் பக்கம் சத்தமில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சிரிப்பு. சத்தம் வராமல் சிரித்து, இருமி, யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, திரும்பச் சிரித்தார்.

"எப்பம் செத்தேன்?"

"தொண்ணூத்தெட்டுல."

"என்ன சீக்கு?"

"மஞ்சக்காமாலை."

"நெஞ்சுவலின்னு சொல்லியிருந்தா இப்பம் பொருந்தியிருக்கும். சரி, இப்பம் எதுக்குக் கூப்பிட்ட? உத்தரவு கேக்கவா?"

நட முடியவில்லை என்றேன். ஏன் என்றார். முதல் நாற்று நட்டது மார்ச் பதினொன்று என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஸ்கூல் வாசல்ல மரம் நிக்கா?"

"நிக்கி. பூத்துக் கொட்டுது."

"அத நட்டது யாரு?"

"நீங்கதான்."

"பொய் சொல்லாதளா. அன்னைக்கு வாலிபால்ல பாதியில தண்ணி குடிக்க வந்தேன். நீ மரத்தத் தூக்கி வச்சுக்கிட்டு, பையைக் கிழிச்சுக்கிட்டு, என்னைய என்னத்தயோ வஞ்சுக்கிட்டு இருந்த. பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"மொதல்ல வெக்கமா இருந்துச்சு. பெறகு, நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டல. அதுக்கப்பறம் நான் எப்படிச் சொல்ல?" கொஞ்சம் இளைப்பாறிக்கொண்டு மறுபடி பேசினார். "எம் பொண்டாட்டி மரம் நட்டு முப்பத்ரெண்டு வருசம் ஆச்சு. இன்னும் கெடக்கேன். போயி நடு."

போனை வைத்தபின் அடுப்பில் பருப்பு கருகிய வாசனை வந்தது. இறக்கி வைக்கத் தோன்றவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.


ஏப்ரல் 15

ககேஹா நிலம். மத்தியானம் வரைக்கும் நட்டேன். முதுகுவலி போன இடம் தெரியவில்லை.


ஏப்ரல் 30

எழுத நேரமில்லை. மழை நிற்பதற்குள் முடிக்க வேண்டும் என்று நிலம் நிலமாகப் போகிறோம். சோளத்துக்கு நடுவில் சித்தகத்தியும் விதைத்துவிட்டார்கள். அதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை. மினாயோவின் முதல் வரிசை லுசியோலா இரண்டிரண்டு இலை விட்டிருக்கிறது. சருகு மூடாக்குப் போட்ட இடத்தில் மண்ணைக் கிளறினால் மண்புழு. ஒரு நீல வாலாட்டிக் குருவி வந்து வேலிக்குச்சியில் உட்கார்ந்தது என்று பிள்ளைகள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். போவதற்குள் பறந்துவிட்டது.

அவர் இப்போது வாரம் இரண்டு தடவை போன் போடுகிறார். இன்றைக்கு எத்தனை முறை என்னைக் கொன்றாய் என்றுதான் ஆரம்பிக்கிறார். ஆகஸ்டில் வருகிறாராம், டாக்டர் சரி என்று சொல்லிவிட்டாராம். செத்தவர் எப்படி வருவீர்கள் என்றேன். "எந்தம்பின்னு சொல்லு. அண்ணன் மாதிரியே இருக்கேன்னு ஊரே ஆச்சரியப்படட்டும்" என்றார். ஈசல் சீசன் அப்போது இருக்குமா என்று வேறு விசாரணை.


மே 7

பின்னறையைச் சுத்தம் பண்ணினேன். எலித் தொல்லை. கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்தேன். வெள்ளையும் அடித்துவிட்டேன், சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. காகமேகா கடைத்தெருவில் குஜராத்திக் கடையில் மூக்குப்பொடி கிடைக்குமா என்று கேட்டேன். வரவழைத்துத் தருகிறானாம்.


மே 11

மழை.


மே 13

நேற்று முன்தினம் விடிகாலை சங்கரலிங்கம் போன் போட்டான். இந்தத் தடவை பயப்படாதீர்கள் என்று சொல்லவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாராம். சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். காத்திருக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

யாரிடம் சொல்ல? இந்த ஊரில் அவர் செத்து எட்டு வருஷமாகிறது. மஞ்சள்காமாலையில் போனார் பாவம் என்று அன்றைக்கே எல்லோரும் என் கையைப் பிடித்து அழுது தீர்த்துவிட்டார்கள். இப்போது சொன்னால் என் பொய் போகட்டும், மரங்கள் என்னாகும்? டீச்சர் நட்டாள், டீச்சர் புருஷன் செத்தான். விடிவதற்குள் ஒரு நாற்று மிஞ்சாது.

நேற்று தலைவரின் சின்ன மனைவி நிலத்தில் நடுவதாகச் சொல்லியிருந்தேன். போனேன். நாற்றைக் குழியோரம் வைத்துவிட்டுப் பெண்கள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சு" என்றேன்.


மே 14, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விடுமுறை, யாரும் இல்லை. குடியிருப்பின் பின்பக்கம் அந்தக் கல்லடுப்பு இருக்கிறது. புல் மூடிக் கிடக்கிறது, மூன்று கல்லும் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்க்கும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் மரத்தடியில் உட்கார்ந்து, பதினாறு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். நான் ஒரு தடவை போயிருக்கலாம். அவர் ஒரு தடவை வந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் அப்படி என்ன ராங்கி.

நிமிர்ந்தால் மினாயோ நிற்கிறாள். முந்தாநாள் நான் 'ஆச்சு' என்றபோதே என் குரல் சரியில்லை என்று இன்றைக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள். ரவிக்கைக்கு வெளியே தாலி தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்காக அழுகிறீர்கள் என்றாள்.

என்னால் இன்னொரு பொய்யைச் சுமக்க முடியவில்லை. புருஷனுக்காக என்றேன். எப்போது செத்தார் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மினாயோவின் பார்வை போன திசையில் அவள் நிலம் இருந்தது. வேலியோரம் என் கையால் நட்ட வரிசை. இப்போதே போய்ப் பிடுங்குவாள் என்றுதான் நினைத்தேன். தடுக்க எனக்கு வாயும் இல்லை, உரிமையும் இல்லை. அகேசா எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அவள் பிள்ளைகளுக்கு அப்பன்.

"அவரு இருக்கும்போது நீங்க வேற மரமே நட்டதில்லையா?" என்றாள்.

முதுகைச் சாய்த்திருந்த மரத்தைக் காட்டினேன். பையோடு அவர் வைத்ததையும், நான் எடுத்துத் திரும்ப நட்டதையும், அவர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். மினாயோ கிட்டே போய் மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். ஒரு பூ அவள் தோளில் விழுந்தது.

"இது எந்த வருசம் நட்டது?"

"எழுபத்தி நாலு."

விரல்விட்டு எண்ணினாள். சரியாக வராமல் என்னிடம் கேட்டாள். முப்பத்திரண்டு என்றேன்.

"முப்பத்ரெண்டு வருசமா?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "அகேசாவுக்கு அவ்வளவு போதும் டீச்சர்."

சிரித்துவிட்டேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்தேன், சிரித்துக்கொண்டே மறுபடி அழுதேன். மினாயோ பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை மாதிரி தோளில் போர்த்தியிருந்த தன் கிட்டெங்கே துணியால் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். அவர் பெயர் என்ன என்று கேட்டாள். எட்டு வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. ஆவுடையப்பன் என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், வாயில் நிற்கவில்லை.


மே 15

காலையில் வாசலில் விறகு கிடந்தது. ஒரு பெரிய கட்டு. இங்கே சாவு வீட்டு முற்றத்தில் தீ மூட்டி, ஊர் சுற்றி உட்காரும். விறகுக்கு எவ்வளவு அல்லாடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். ககேஹா முதற்கொண்டு எல்லோரும் வந்தார்கள். மினாயோ என்ன சொன்னாளோ, யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தீயைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். வறுத்த ஈசல் வேண்டும் என்று நான் கேட்டேன். சீசன் முடிந்துவிட்டது, ஆனாலும் யாரோ காயவைத்திருந்ததைக் கொண்டுவந்தார்கள். என் அடுப்பில் வறுக்கச் சொன்னேன்.

ஒன்றிரண்டு பேர் நாற்றைப் பிடுங்கியிருக்கலாம். நான் போய்ப் பார்க்கவில்லை.


மே 20

மழை கடைசி. மினாயோ கூப்பிட்டாள். மிச்சமிருந்த ஒரே நாற்று, வேலி மூலையில் ஒரு குழி. நான் குனிந்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"நீங்க திரும்பிக்கோங்க டீச்சர்" என்றாள்.

திரும்பிக்கொண்டேன். எதிரே ககேஹாவின் வாழைகள், அதற்கு அப்பால் காட்டின் விளிம்பு. பின்னால் மண் தள்ளுகிற சத்தம், மிதிக்கிற சத்தம். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஆச்சு" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். நாற்று கொஞ்சம் சாய்ந்து நின்றது. மினாயோ இறுக மூடிய கையோடு நின்றாள்.

"கவரைக் கிழிச்சியா?" என்று கேட்டேன்.

கையைத் திறந்து காட்டினாள். கசங்கிய பால் கவர், அதில் ஈர மண்.